சொன்னதையே சொல்லும் பெண்

அவர் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார்.

பல் மருத்துவமனையின் கடைசி அறை. புகையிலைப் பழக்கத்தை விடவைக்கும் ஆலோசனை இங்கேதான். அவருடைய இடது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. இப்போதே விடாவிட்டால் புற்றாக மாறலாம் என்று டாக்டர் இங்கே அனுப்பியிருந்தார்.

அறிவுரை அவருக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் பாதிப் பேர் அவருக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனவர்கள்.

மீதிப் பாதி, அவர் மனைவி செண்பகவல்லி.

எல்லோருக்கும் பதில் வைத்திருந்தார். சாகும்வரை புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டே பனைமரம் ஏறிய தாத்தாகூட உதாரணமாகத் தயாராக இருந்தார்.

எதிரே இருந்த ஆலோசகப் பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான். அவள் அறிவுரையைத் தொடங்கவே இல்லை.

"சொல்லுங்கய்யா" என்றாள்.

"இது இல்லாம ஒரு நாள்கூட என்னால இருக்க முடியாதும்மா."

"ஒரு நாள்கூட இருந்ததே இல்ல நீங்க."

அவருக்குச் சுருக்கென்றது.

"யாரு சொன்னா? சபரிமலைக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் தொடமாட்டேன். வருஷா வருஷம்!"

"மாலை போட்டா விட முடியுது."

"முடியாம? அது சாமி காரியம்லா."

"சாமிக்காகன்னா முடியுது. உங்களுக்காகன்னா முடியல."

அவர் வாயைத் திறந்தார்.

தாத்தா மரத்தைவிட்டு இறங்கி எங்கோ போய்விட்டார்.

வெளியே பெஞ்சிலிருந்து செண்பகவல்லி எழுந்தாள்.

"என்ன சொல்லுச்சு அந்தப் புள்ள?"

"ஒண்ணும் சொல்லல. நான் சொன்னதத்தான் எங்கிட்டயே திருப்பிச் சொல்லுச்சு."

"இதுக்கா காலையிலேருந்து காத்துக் கெடந்தோம்?"

தெருமுனையில் வெற்றிலைக்கடை. அவர் கால்கள் தாமாகவே நின்றன.

அவள் ஆரம்பித்தாள்.

"போடுங்க. நல்லாப் போடுங்க. நீங்க பாட்டுக்குப் போய்ச் சேந்துருவிய. நான் செவுத்தப் பாத்துப் பேசிட்டுக் கெடக்கேன்."

வழக்கமாக இதற்கு அவர் போடும் சத்தத்தில் ஊர்க் காக்கைகள் அடுத்த மாவட்டத்துக்குக் குடிபெயரும்.

இன்று அந்தப் பெண் செய்ததைச் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. சும்மா, என்ன ஆகிறதென்று பார்க்கத்தான்.

"நான் போயிட்டா தனியாக் கெடக்கணுமேன்னு ஒனக்குப் பயமா இருக்கு."

அவள் வாய் பாதியில் நின்றது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி நின்று அவர் பார்த்ததில்லை. தெருவில் போன பஸ்கூட ஹாரனை விழுங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

"ஆமா" என்றாள்.

அது அவருக்குத் தெரியாத குரல்.

இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். உதடு அசைந்தது.

"என்ன சார் வேணும்?" என்றார் கடைக்காரர்.

அவர் திரும்பவில்லை. அவளையே பார்த்தபடி, கொஞ்சம் பொறு என்று கடைப்பக்கம் கையைக் காட்டினார்.