எஸ்.யூ.வி.யா, ஹேட்ச்பேக்கா?

மேஜை மேல் இரண்டு கார் சாவிகள் கிடந்தன.

"கீழே ரெண்டு வண்டி நிக்குது. ஒண்ணு சின்ன எஸ்.யூ.வி., இன்னொண்ணு ஹேட்ச்பேக். விற்பனை அதிகாரிங்க ரெண்டு பேரு, ஆளுக்கு ஒண்ணு. நீங்க முதல்ல வந்துட்டீங்க. எது வேணுமோ எடுத்துக்கங்க" என்றார் மேனேஜர்.

நம் ஆள் இரண்டு சாவிகளையும் மாறி மாறிப் பார்த்தான். வேலையே கிடைக்காது என்று நினைத்திருந்தவனுக்குக் காரும் சேர்த்துக் கொடுத்தால் என்ன செய்வான், பாவம்!

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. அவன் ஃபைலில் இருந்த 'எட்டு வருட விற்பனை அனுபவம்' சர்ட்டிபிகேட் சுத்தப் பொய். அந்தக் கம்பெனி வாசலைக்கூட அவன் மிதித்ததில்லை. தெரிந்த பிரிண்டிங் கடைக்காரர் ஒருவர் லெட்டர்ஹெட்டிலிருந்து சீல் வரைக்கும் ஒரே மத்தியானத்தில் அடித்துக் கொடுத்தது. ஆறு மாதமாக வேலையில்லை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

போன வாரம் இன்டர்வியூவில் மேனேஜர் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "பழைய கம்பெனிக்கு போன் பண்ணி விசாரிப்போம், பரவாயில்லையா?" என்றார். "தாராளமா சார்" என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தான்.

அவனுக்கு முன்னால் உள்ளே போன அம்மா பன்னிரண்டு வருடம் நிஜமாகவே இதே வேலை பார்த்தவர். கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று அவர் பதில் சொன்னது வெளியே வரைக்கும் கேட்டது. அவருக்குத்தான் வேலை என்று காத்திருந்த எல்லாருமே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் போன் வந்தது இவனுக்கு. "உங்களைப் பத்தி விசாரிச்சுட்டோம். ரொம்பத் திருப்தி!"

எங்கே விசாரித்தார்கள்! சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. இன்றில்லாவிட்டால் நாளைக்கு எவனாவது போனை எடுத்து விசாரித்துவிட்டால்?

"ஒரு நிமிஷம் சார், வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று வராந்தாவுக்கு வந்தான்.

"ஹேட்ச்பேக்கே போதும்" என்றாள் மனைவி. "நம்ம தெருவுல சைக்கிளைத் திருப்பவே இடமில்ல. பெட்ரோலும் கம்மியா குடிக்கும். அதோட, முதல் நாளே பெரிசுக்கு ஆசைப்பட்டா ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க?"

"அதுவும் சரிதான். ஆனா எஸ்.யூ.வி.ல டிக்கி பெரிசு. மேடு பள்ளத்துல அடி தட்டாது."

"அப்ப உங்க இஷ்டம்."

"உங்க அக்கா வீட்டுக்காரர் போன மாசம் வாங்கினாரே, அது என்ன வண்டி?"



"ஹேட்ச்பேக்" என்றாள். பிறகு, "என்னங்க, எஸ்.யூ.வி.யே எடுத்துடுங்க" என்றாள்.

எடுத்தான். மேனேஜர் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் நீட்டினார். "நேரா பக்கத்து ஊர்க் கிளைக்கு ஓட்டிட்டுப் போயி அங்கயே வேலையில சேர்ந்துக்கங்க. வழியில எங்கயும் நிக்க வேணாம்."

நிற்காமல் போக அவன் என்ன முட்டாளா? போகிற வழியில்தான் சகலையின் வீடு. வாசலில் நிறுத்தி மூன்று தடவை ஹாரன் அடித்தான். காபி குடித்தான். சகலையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த மனிதரின் முகம் சுருங்கியதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது மூன்று மணி நேரம் ஓடியிருந்தது.

ஊர் எல்லைச் செக்போஸ்ட்டில் கை காட்டினார்கள். போலீஸ்காரர் வண்டி நம்பரைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இறங்குங்க" என்றார்.

சர்ட்டிபிகேட்டை விசாரித்தே விட்டார்கள்! உள்ளே இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் அவனால் அடக்க முடியவில்லை.

"சார், சர்ட்டிபிகேட் பொய்தான் சார். தப்புதான். ரெண்டு பிள்ளைங்க சார். எங்க கம்பெனியில நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்..."

"எந்தக் கம்பெனி?"

ஆர்டரை நீட்டினான். இன்ஸ்பெக்டர் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. நீங்க ஓட்டிட்டு வந்தது திருட்டு வண்டி. திருடின வண்டியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் விக்கணும். அதுக்கு, பார்த்தா சந்தேகம் வராத மாதிரி ஆளுங்க வேணும். இந்த இன்டர்வியூ, ஆர்டர் எல்லாம் அதுக்குத்தான்."

நம் ஆள் கேட்டான்: "ஹேட்ச்பேக்கை எடுத்திருந்தா சார்?"

இன்ஸ்பெக்டர் மூலையைக் காட்டினார். பெஞ்சில் ஒருவர் மடியில் ஃபைலோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அதை எடுத்தவர் ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துட்டாரு. அவர் சொல்லித்தான் அந்த ஆபீசுக்கு ஆள் அனுப்பினோம். மேனேஜர் பறந்துட்டான். இது மட்டும்தான் கிடைச்சுது" என்று ஒரு கட்டு விண்ணப்பங்களை முன்னால் தள்ளினார்.

மேலே இருந்தது அந்த அம்மாவுடையது. ஓரத்தில் சிவப்பு மையில், மணி மணியான கையெழுத்தில் குறிப்பு: 'பன்னிரண்டு வருட அனுபவம். விசாரித்ததில் உண்மை. ஏதாவது என்றால் நேராகப் போலீசுக்குப் போவார். வேண்டாம்.'

அடுத்தது நம் ஆளுடையது.

'எட்டு வருட அனுபவம். விசாரித்ததில் முழுப் பொய். இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.'