தனித்தனி ஃபோல்டர்

“என்ன தம்பி, இப்படிப் பண்ணிட்டே?” கம்ப்யூட்டரை மேஜைமேல் வைத்த அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “புது டிஸ்க் போட்டதுலேர்ந்து அவர் ஃபோல்டரும் என் ஃபோல்டரும் ஒண்ணாக் கிடக்கு. பழையபடி பிரிச்சுக் கொடு.”

மெக்கானிக் சிரித்தான். “புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னம்மா தனிக்குடித்தனம்? ஒரே யூசர் போதும்னு நான்தான் எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டினேன்.”

“வேண்டாம்ப்பா. சாயங்காலம் அவர் உட்காருறதுக்குள்ள பிரிச்சிடு.”

பிரிக்க உட்கார்ந்தான். கப்பலில் வேலை பார்க்கும் மகன் அம்மாவுக்கு மெயிலில் அனுப்பிய கடிதங்கள் எல்லாமே இரண்டு இரண்டாக இருந்தன.

“உங்க பையன் லெட்டர் அவர் ஃபோல்டர்லயும் இருக்கும்மா. டபுளா இருக்கிறதை அழிச்சிடவா?”

“ஐயோ, தொடாதே!”

அப்போதுதான் தேதிகளைக் கவனித்தான். ஒவ்வொரு கடிதமும் அம்மாவுக்கு வருவதற்கு முந்தின நாளே அப்பாவின் ஃபோல்டரில் இருந்தது. அடுத்த மாதக் கடிதம்கூடப் பாதி எழுதியபடி கிடந்தது. அவன் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தான்.

“பையன் தவறிப்போய் மூணு வருஷமாச்சு தம்பி. அப்ப எனக்கு ஆபரேஷன், தாங்கமாட்டேன்னு மறைச்சார். எனக்குத் தெரியும்னு அவருக்கு இன்னும் தெரியாது.”

“நீங்களாவது சொல்லிடலாமேம்மா?”

“சொன்னா எழுதுறதை விட்டுடுவாரே! லெட்டர்ல அவனுக்குக் கல்யாணமாயிடுச்சுப்பா. அடுத்த மாசம் குழந்தை பிறக்கப்போகுது.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த மனுஷன் தாத்தா ஆகட்டும். பிரிச்சுக் கொடு.”