இரட்டை முடிச்சு

ஈச்சமரத்துத் தூக்கணாங்குருவி, பார்க்க வந்த எல்லாருக்கும் கூடு பின்னிக் காட்டும்.

"தொழிலை இப்படிக் கடைவிரித்தால் நம்மை யார் மதிப்பார்கள்?" என்று மனைவி கடிந்துகொள்வாள்.

"பின்னத் தெரிந்தவர்கள் மதிப்பார்கள்" என்று அது சிரிக்கும்.

அதைப் பார்த்துக் கற்ற சில்லைக்குருவி ஒன்று, புல்லுக்குப் பதில் தென்னைநாரை முறுக்கி, இரட்டை முடிச்சு போட்டுத் தன் கூட்டைக் கட்டியது.

ஐப்பசிக் காற்றில் தூக்கணாங்குருவியின் கூடு அறுந்து விழுந்தது. சில்லையின் கூடு அப்படியே தொங்கியது. முட்டையிடும் நாள் நெருங்கியிருந்ததால் மனைவி கலங்கிப்போனாள்.

காலையில் சில்லை நாரோடு வந்தது. "அண்ணே, உங்கள் பின்னலில் சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். காட்டட்டுமா?"

மனைவி முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் மெதுவாகப் போடுப்பா, பக்கத்து மரத்தாரும் பார்க்கட்டும்" என்றாள்.