ஐம்பது தலைகள்

பயணிகளை எண்ண வந்த அதிகாரி பஸ்ஸில் ஏறியதுமே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களைக் கண்டால் அவ்வளவு அருவருப்பா?

பஸ் என்னவோ அருவருப்பானதுதான். தரையிலிருந்த ஓட்டை வழியே டீசல் புகை உள்ளே வந்தது. இருக்கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அவள் மகள் ஒரு தடவையாவது வாந்தி எடுத்துவிடுவாள். இப்போதும் மடியில் பிளாஸ்டிக் பையோடு இருமிக்கொண்டிருந்தாள்.

ஆனால் இதை விட்டால் பள்ளிக்கூடத்துக்கு வேறு வழியில்லை. பக்கத்துத் தடத்தில் போன மாதம் இப்படித்தான் தலையை எண்ணினார்கள். ஆள் குறைவென்று பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள்.

அதனால்தான் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, தினமும் பதினைந்து பேர் ஏறும் பஸ்ஸில் இன்று ஐம்பது பேரை அடைத்திருந்தாள். முடிதிருத்துபவர் கடையையே பூட்டிவிட்டு வந்திருந்தார்.

“அண்ணே, பல்லைக் காட்டாதீங்க,” என்று அவர் காதைக் கடித்தாள். “தினம் இதுல போறவன் எவன் சிரிக்கிறான்?”

எண்ணி முடித்த அதிகாரியின் முகம் தொங்கிப்போயிற்று. “தினமும் இவ்வளவு பேரா?”

“இன்னிக்குக் கம்மி சார்,” என்றார் முடிதிருத்துபவர்.

“யாராவது இன்னிக்கு மட்டும் வந்திருந்தா சொல்லுங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆள் குறைந்தால் இந்த மனுஷனுக்கு அப்படி என்ன ஆனந்தம்? சீ, இதுவும் ஒரு பிறவியா என்று தையல்காரிக்குக் குமட்டியது. மகள் பைக்குள் தலையைக் கவிழ்த்தாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே, “தினம் தொங்கிட்டுதான் சார் போறோம்,” என்றாள்.

அதிகாரி அந்தச் சிறுமியையே சற்று நேரம் பார்த்தார். பிறகு படிவத்தில் ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அப்போ பஸ்ஸை நிறுத்த மாட்டீங்கல்ல?”

“மாட்டோம்மா. இதே பஸ்தான் ஓடும்.”

முடிதிருத்துபவர் அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சிரித்துத் தீர்த்தார். பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

நிறுத்தம் வந்தது. படியில் கால் வைத்த அதிகாரி, திரும்பி அவளைப் பார்த்தார்.

“இந்த மாசம் புகையே இல்லாத கரண்ட் பஸ் ஒண்ணு வந்திருக்கும்மா, சின்னது. உங்களுக்குன்னுதான் எடுத்து வெச்சிருந்தேன். இருபது பேருக்குள்ள இருந்திருந்தா, நாளைக்கே வந்திருக்கும்.”