நஞ்சப்பன் சொன்ன ஏழு

அரவேணு ஆஸ்பத்திரி ஜன்னலில் பனிமூட்டம் விலகி, காலை வெயில் நஞ்சப்பனின் வெறும் பாதங்களில் விழுகிறது. அவர் கழற்றிய கம்பளிக் காலுறைகள் மனைவி அருக்காணியின் மடியில் இருக்கின்றன. சர்க்கரை நோயால் கால் எரிகிறவர்களுக்கென்று வந்த புதுக் களிம்பைச் சோதிக்கிறார்கள். எட்டு வாரம் தடவியாகிவிட்டது. எரிச்சல் பத்துக்கு எவ்வளவு என்று இன்று சொல்ல வேண்டும். முன்னால் போன மூக்கம்மா, டாக்டரின் ஆவலான முகத்தைப் பார்த்து, "ரெண்டுதாம்மா" என்று சிரித்துவிட்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நஞ்சப்பன் வெடிமருந்து ஆலையில் முப்பது வருஷம் சரக்கைச் சோதித்துச் சீல் குத்தியவர். கண்ணை மூடி, கால்விரல்களை மெல்ல அசைத்துப் பார்க்கிறார். "ஏழுங்க." "முதல் நாளும் ஏழுன்னுதானே சொன்னீங்க?" டாக்டரின் குரல் இறங்குகிறது. அருக்காணி அவர் விலாவில் இடிக்கிறாள். "ஏனுங்க, அவங்க மனசு நோகாதா? ஒரு அஞ்சுன்னு சொல்லுங்க." "நாளைக்கு இந்தக் களிம்பு ஊரு பூராவும் போவும் புள்ள. நான் பொய் சொன்னா அத்தன பேரு காலும் எரியும்." டாக்டரின் பேனா ஒரு கணம் நிற்கிறது. பிறகு ஏழு என்று அழுத்தி எழுதிவிட்டு நிமிர்கிறார். "மூக்கம்மா, இன்னொரு தடவை வாங்க. எனக்காகச் சொல்ல வேண்டாம்." மூக்கம்மா தலையைச் சொறிந்தபடி எழுந்திருக்கிறாள். "அப்ப எனக்கு எட்டும்மா." பெஞ்சில் ஒரு சலசலப்பு ஓடுகிறது. "ஏழு சொன்னாரே, யாருங்க அவரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. கணவரின் பாதம் நோகாமல் காலுறையை மாட்டிவிட்டுக்கொண்டிருக்கும் அருக்காணி தலையை நிமிர்த்தித் திரும்புகிறாள். "எங்க ஊட்டுக்காரருங்க."