கட்டைவிரல்

எம்.எல்.ஏ. ஜக்கரியாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டுக் கேட்டுப் போகிற இடத்தில் யார் கை நீட்டினாலும் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, புறங்கையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தித் தடவிவிட்டுத்தான் விடுவார். சொந்தத் தோல் தொழிற்சாலையில் அரை ஆயுசு ஆட்டுத்தோலைத் தடவித் தடவித் தரம் பிரித்த விரல் அது. மனுஷத் தோல் என்றும் பாராமல் தன் வேலையைச் செய்தது. ஜனங்களோ அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தேர்தலில் அதிலேயே ஜெயித்தார். அவரும் திருத்தப் போகவில்லை.

மூன்றாவது தேர்தலில், அதே தொழிற்சாலையில் அவரோடு நின்று தரம் பிரித்த பச்சையம்மாவின் வாசலுக்குப் போனார். அவர் கை நீட்டுமுன் அவளே அதைப் பிடித்து, புறங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கோஷம் போட்டு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லா மெத்துனு ஆயிடுச்சி பாய்," என்றாள்.

"எந்த ரகத்துல போடுவ?"

தோலைப் பார்க்கிற மாதிரியே அவர் கையை வெயில் பக்கம் சாய்த்தாள்.

"இருங்க, அவசரப்படாதீங்க. அந்தப் பக்கம் பாக்க வேணாவா?"

ஜக்கரியா சிரித்துக்கொண்டே உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.