ராகேல் வாங்கிவந்த ஸ்டார்

"இது ஒண்ணு போதும். குடிலும் வேண்டாம், சீரியல் செட்டும் வேண்டாம்."

ராகேல் காகித ஸ்டாரை மேசைமேல் வைத்தாள். கொட்டாரம் கடைத்தெருவில் வாங்கியது. சிவப்பு. மடித்தபடி தட்டையாகக் கிடந்தது.

அவள் கணவர் யேசுரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"இந்த வருசம் எதுக்கு ராகேல்?"

"எதுக்குன்னா? கிறிஸ்மஸுக்குத்தான்."

அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மயிலாடியில் அவருடைய அப்பா கட்டிய ஓட்டு வீடு அது. ஸ்டார் தொங்கவிட முன்பக்க உத்தரத்தில் ஓர் ஆணி எப்போதும் உண்டு. மகன் எபிசனுக்கு அந்த ஆணி ஸ்டூல் இல்லாமலே எட்டும். ஊரில் இருக்கும் வருடங்களில் டிசம்பர் முதல் தேதியே ஆரம்பித்துவிடுவான். அப்பாவை ஒரு வயரைக்கூடத் தொடவிடமாட்டான்.

ராகேல் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுத் தாணம்மாள் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டாரைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"ஸ்டார் போடுதியளா அக்கா?"

"ஏன், போடக்கூடாதா?"

தாணம்மாள் மீதித் துணிகளைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்தத் தெருவில், சாவு நடந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் போடுவதில்லை.

எபிசன் வேலை பார்த்த சரக்குக் கப்பல் ஏப்ரலில் புயலில் மூழ்கியது. கப்பலில் இருந்த பதினான்கு பேரில் பதினொரு பேரின் உடல்கள் கிடைத்தன. கிடைக்காத மூன்று பேரில் எபிசன் ஒருவன்.

நினைவு ஆராதனை வைக்கலாமா என்று போதகர் இரண்டு முறை வந்து மெதுவாகக் கேட்டார். இரண்டு முறையும் ராகேல் அவருக்குக் காப்பி கொடுத்தாள். "எம் பிள்ள வருவான் ஐயா" என்று மட்டும் சொன்னாள். அவனுடைய நம்பருக்கு மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாள்.

ஸ்டார் போடாவிட்டால் ஊர் அவனை அடக்கம் செய்துவிடும்.

யேசுரத்தினம் ஸ்டூலில் ஏறினார். ஹோல்டரில் பல்பை மாட்டும்போது இரண்டு முறை நழுவியது. ஸ்டாரை விரித்து, பல்பை உள்ளே இறக்கி, கயிற்றை ஆணியில் சுற்றிக் கட்டினார்.

ராகேல் உள்ளே போய் சுவிட்சைப் போட்டாள். இருட்டத் தொடங்கியிருந்த முற்றத்தில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. தெருவில் ஸ்கூட்டரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டுப் போனார்.

யேசுரத்தினம் கீழே இறங்கவில்லை. உத்தரத்தைப் பிடித்தபடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

காலையில் கப்பல் கம்பெனியிலிருந்து அவருக்குப் போன் வந்திருந்தது. எங்கோ ஒரு தீவின் கரையில் ஒதுங்கிய உடல். ஜூலையில் அவரிடமிருந்து எடுத்துப்போன ரத்தத்தோடு ஒத்துப்போய்விட்டதாம். பத்து நாளில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்களாம்.

போனை வைத்தபோது ராகேல் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்று பகல் முழுவதும் வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். அவள் ஸ்டாரோடு வந்து நின்றாள்.

இப்போது அவள் வெளியே வந்து மறுபடியும் ஸ்டூலைப் பிடித்தாள். சிறிது நேரம் ஸ்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்குங்க. இன்னைக்கு ஒரு ராத்திரி எரியட்டும். நாளைக்கு விடிஞ்சதும் கழத்திரலாம்."

அவர் திடுக்கிட்டுக் குனிந்து அவளைப் பார்த்தார்.

"நீங்க போன் பேசும்போது நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்" என்றாள் ராகேல். "எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் பஸ் ஏறுனேன்."